கருங்கயம் மலையில் கழற்றிப் போட்டவை

"பையைக் கவிழுங்க" என்றாள் இசக்கி.

மிருணாளினி தயங்கினாள். லோடு ஆட்டோவின் பின்தட்டில் அவளுடைய ஆரஞ்சு நிற முதுகுப்பை, தனக்கும் டிக்கெட் எடுத்த பயணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் தேவையானதுதான் இசக்கி. நான் ஏற்கெனவே நிறைய குறைச்சுட்டுத்தான்..."

அவள் முடிக்கும்வரை இசக்கி காத்திருக்கவில்லை. பையின் அடியைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கொட்டினாள். மடக்குக் கோப்பை, காற்றடைக்கும் தலையணை, இரண்டு மாற்றுடை, சார்ஜர், முகம் துடைக்கும் ஈரத்தாள், கொசு மருந்து, இன்னொரு கொசு மருந்து.

"போவும்போது நாம மூணு பேரு. வரும்போது நாலு பேரு. நாலாவது ஆளு நடந்து வருவான்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

மிருணாளினி சார்ஜரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்பம் அவன் எடைக்கு இடம் விட்டுட்டுத்தான் ஏறணும். கயிறு, விசில், தண்ணி, சீனி, லைட்டர், மருந்து. வேற எதுவும் வேண்டாம்."

ஆட்டோவின் சொந்தக்காரர் தங்கப்பழம் தன் துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இசக்கி கையை நீட்டினாள். உள்ளே அரிவாளும் கருப்பட்டியும் ஒரு பெரிய பரோட்டாப் பொட்டலமும் இருந்தன.

"அண்ணாச்சி."

"சரி பிள்ள, சரி." அவர் ஆட்டோ ஓரத்தில் சாய்ந்து நின்றபடியே எல்லாவற்றையும் தின்று முடித்தார். "இப்பம் பையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ."

"இப்பவும் நீங்கதான தூக்கப் போறீங்க."

விடியும் நேரம். மேலே கருங்கயம் மலை மேகத்துக்குள் கழுத்துவரை புதைந்து நின்றது. அந்த மேகத்துக்குள் எங்கேயோதான் இசக்கியின் தம்பி முத்துக்குட்டி மூன்று இரவுகளாகக் கிடந்தான். அவனை உயிரோடு இறக்க வேண்டும். இன்றைக்குள் இறக்க வேண்டும். மாலைக்கு மேல் பெருமழை என்று ரேடியோ சொல்லியிருந்தது.

முத்துக்குட்டி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். வேலை இல்லாமல் இருந்தவனை நகரத்திலிருந்து வந்த 'இறகு' என்ற மலையேற்றக் குழு கூலிக்குப் பிடித்தது. இந்தக் குழுவுக்கு ஒரு பெருமை உண்டு. யாருடைய முதுகிலும் கனம் இருக்கக் கூடாது. பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டுவார்கள். சட்டையில் ஒட்டியிருக்கும் துணிச்சீட்டைக்கூடப் பிய்ப்பார்கள். பையைத் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போடுவார்கள். கூடாரம், அடுப்பு, கேஸ், உள்ளே நுழைந்து தூங்கும் தூக்கப்பைகள், கேமரா ஆகியவற்றுக்குப் 'பொதுப் பை' என்று பெயர். பொதுப் பையை எந்தத் தராசிலும் யாரும் தொங்கவிட்டதில்லை. அது முத்துக்குட்டியின் முதுகில் ஏறியது.

லேசானவர்கள் முன்னால் போனார்கள். கனத்தவன் பின்தங்கினான். மூடுபனி இறங்கியது. அவர்கள் கீழே வந்து சேர்ந்தார்கள், அவன் வரவில்லை.

குழுத்தலைவன் அபிநவ், கிழக்குச் சரிவில் அனுமதி உள்ள பாதையில்தான் அவனைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னான். தேடும் ஆட்கள் எல்லோரும் அங்கே போனார்கள். மூன்றாம் நாள் மாலை மிருணாளினி தனியாக இசக்கியின் தெருவுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல், "நாங்க கிழக்குப் பக்கம் போகவே இல்ல" என்றாள். அனுமதி இல்லாத மேற்கு உச்சிக்குப் போயிருந்தார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அபிநவ் பொய் சொல்லியிருந்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளும்தான்.

அவள் கைக்கடிகாரத்தில் நடந்த வழி முழுக்கக் கோடாகப் பதிந்திருந்தது. இசக்கி புவியியல் படித்தவள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பழைய நிலவரைபடத்தின் நகலைத் தரையில் விரித்து அந்தக் கோட்டை அதன்மேல் வரைந்தாள். வரைந்து முடித்ததும் வனத்துறைக்குச் சொன்னாள். தேடும் ஆட்கள் மலையைச் சுற்றி மேற்குக்கு வர இரண்டு நாளாவது ஆகும் என்றார்கள். ஆகவேதான் இந்த மூவரும் புறப்பட்டார்கள்.

சோதனைச்சாவடியில் இருந்த காவலர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். "நான் யாரையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உள்ளே போனார்.

*

ஏற்றம் மூச்சைப் பிடுங்கியது. ஈரச் சருகில் கால் வைத்தால் அட்டைகள் எழுந்து நின்றன. தங்கப்பழம் அரிவாளால் முள்ளை வெட்டிக்கொண்டே முன்னால் போனார். ஓர் ஓடை குறுக்கிட்டது. தண்ணீர் கணுக்காலைத்தான் தொட்டது. கல் மேல் கல்லாக மிதித்துக் கடந்தார்கள்.

"அவருக்குக் காடு தெரியும்னு நினைச்சோம்" என்றாள் மிருணாளினி பின்னாலிருந்து. "மெதுவா வந்துடுவார்னு."

"காடு தெரியும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தா..."

"பாத்தா?"

இசக்கி நின்று திரும்பினாள்.

"நான் முடிக்கேன். கறுப்பா இருந்தான். செருப்புப் போட்டு வந்தான். மலையடிவாரத்துல வீடு. அதனால காட்டுல பொறந்தவன்னு நெனச்சீங்க. அவன் இந்தக் காட்டுக்குள்ள வந்ததே இதுதான் மொத தடவ. வீட்டுல பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிப்பான். லேத்து மிஷினக் குடுங்க, கண்ண மூடிட்டு ஓட்டுவான்."

"ஸாரி."

"மூச்ச மிச்சம் பிடிங்க. மேல வேணும்."

உச்சிக்குக் கீழே இரண்டு பாறைகள் ஒட்டி நின்றன. கடைசியாக அவனைப் பார்த்தது அங்கேதான் என்று மிருணாளினி காட்டினாள். குழு வலது பக்கம் இறங்கியிருந்தது. இசக்கி வரைபடத்தை விரித்தாள். இடது பக்கம் ஒரு பள்ளம் ஆரம்பித்தது. உயரத்தைக் காட்டும் கோடுகள் முதலில் அகலமாகப் போய், பிறகு நெருங்கி, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. கோடு ஒட்டினால் செங்குத்து.

"பனில வழி தெரியாதவன் என்ன செய்வான் அண்ணாச்சி?"

"எறக்கமாப் பாத்து எறங்குவான். தண்ணிச் சத்தம் கேட்டா அதப் பிடிச்சிட்டே போவான்."

"இந்தத் தண்ணி கீழ ஊருக்குப் போகல. பாறையிலேருந்து விழுது."

இடது பக்கம் இறங்கினார்கள்.

முதலில் கிடைத்தது ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீசி எறிந்தது போல இல்லை. தட்டையான கல் மேல், மூடியை ஒழுங்காக மாட்டி, வைத்திருந்தான். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்த மாதிரி. இசக்கி அதைத் தொட்டுப் பார்த்தாள். தன் வீட்டுப் பாத்திரம். நசுங்கிய இடம்கூட அவளுக்குத் தெரியும்.

"இந்த வழிதான்" என்றாள்.

அடுத்து ஒரு கம்பளிச் சட்டை. மழையில் நனைந்து ஈயம் மாதிரி கனத்தது. அதையும் மடித்து ஒரு வேரின் மேல் வைத்திருந்தான். கொஞ்சம் தள்ளி, மேலே கல் வைத்த போர்வை. அப்புறம் ஒரு மஞ்சள் பையில் கைலி, சட்டை, துண்டு. காடு முழுக்க ஒருவன் தன் வீட்டை இறக்கி வைத்துக்கொண்டே போயிருந்தான்.

மிருணாளினிதான் முதலில் கவனித்தாள். மஞ்சள் பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"இதுல எங்க சாமான் ஒண்ணுகூட இல்லையே."

தங்கப்பழம் நெற்றியைத் துடைத்தார். "கிறுக்கனா இவன்? அந்த மூட்டையத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடிருக்கலாம்லா."

"எங்கப்பா மார்க்கெட்டுல சுமடு தூக்குனாரு" என்றாள் இசக்கி. அவள் மிருணாளினியைப் பார்க்கவில்லை, சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்தவன் சரக்கக் கீழ போட்டா மறுநாள் வேல கெடையாது. சோத்தோட சேத்து அதையும் ஊட்டித்தான் எங்கள வளத்தாங்க. நான் படிச்சுத் தப்பிச்சேன். அவன் தப்பிக்கல. முதுகு தாங்கலன்னதும் பாரத்தக் கொறச்சிருக்கான். தன் பாரத்த."

"அந்தப் பை வாயில அபிநவ் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருந்தான்" என்றாள் மிருணாளினி. "போன தடவை சாக்லேட் காணாமப் போச்சாம். பட்டை அறுந்திருந்தா கூலி கிடையாதுன்னு அவர்கிட்ட சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நின்னுட்டு?"

"நின்னேன். அவ்வளவுதான்."

இசக்கிக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறைவதற்குச் செலவாகும் தெம்பு தம்பிக்கு வேண்டும். அவள் விசிலை மிருணாளினியின் கையில் திணித்தாள்.

"ஊதுங்க. நிறுத்தாம ஊதுங்க."

*

ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பள்ளம் குறுகி, வழுக்குப் பாறையாகி, முடிவில் வெறும் வானமாக இருந்தது. கீழே தண்ணீர் விழும் சத்தம். மிருணாளினி ஊதினாள், நிறுத்தினாள், ஊதினாள். பதில் வந்தது. கல்லின் மேல் கல் தட்டும் சத்தம். டக். டக். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் டக்.

தங்கப்பழம் கயிற்றை மரத்தில் சுற்றிக் கட்டினார். இசக்கி இறங்கினாள்.

பாறை விளிம்புக்குக் கீழே கட்டில் அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் முத்துக்குட்டி ஒருக்களித்துக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. வலது கால் கணுக்காலுக்கு மேல் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. நாற்றம் அடித்தது. பாறையில் கசிந்த தண்ணீரை நக்கி நக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தான்.

"ஏல" என்றாள் இசக்கி.

அவன் கண்ணைத் திறந்தான். "அக்கா. அம்மைக்குத் தெரியுமா?"

"அம்மைக்கு அப்புறம் சொல்லிக்கலாம். வாயத் திற." சீனித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அப்போதுதான் பார்த்தாள். திட்டின் மறுகோடியில், ஒரு ஆள் நீளத் தூரத்தில், பாறை இடுக்கில் செருகிக்கொண்டு நின்றது அந்தப் பொதுப் பை. அதன் வாயில் கறுப்புப் பட்டை முறியாமல், அறுபடாமல் அப்படியே இருந்தது.

மிருணாளினியும் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்திருந்தாள். "உள்ளே தூக்கப்பை இருந்துச்சே" என்றாள். "சாப்பாடு இருந்துச்சே. ஏன் உடைக்கல?"

"மொத நாள் ராத்திரி பயமா இருந்துச்சு மேடம். சார் திட்டுவாருன்னு. மறுநாள் விழுந்துட்டேன். விழுந்த பெறவு ஒடைக்கணும்னுதான் பாத்தேன்." அவன் கையை அந்தப் பக்கம் நீட்டிக் காட்டினான். விரல் நகங்கள் பாறையில் பிறாண்டிப் பிய்ந்திருந்தன. "எட்டல."

மிருணாளினி மேலே பார்த்து அரிவாளைக் கேட்டாள். பையிடம் போய், தங்கப்பழம் கயிற்றில் கட்டி இறக்கிய அரிவாளால் பட்டையை அறுத்தாள். கைப்பிடி அளவு பொட்டலத்தை இழுத்து உதறினாள். அது ஊதிப் பெரிதாகிக் கதகதப்பான தூக்கப்பையாக விரிந்தது. முத்துக்குட்டி அதை வெறித்துப் பார்த்தான்.

"அவ்வளவு பெரிசா அதுக்குள்ள இருந்துச்சா?"

அவனை அதற்குள் நுழைத்தார்கள். கூடாரக் கம்புகளைக் காலின் இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினாள் இசக்கி. அவன் கத்தின கத்தலில் பறவைகள் கலைந்தன. ஒவ்வொரு பொருளாக எடுத்து மிருணாளினி இசக்கியின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அடுப்பு?"

"இது அவனக் கீழ கொண்டு சேக்குமா?"

"இல்ல."

"போடுங்க."

அடுப்பு, கேஸ், பாத்திரம், இன்னொரு கூடாரம், எல்லாம் போயின. கடைசியில் கேமராப் பெட்டி. அதையும் மிருணாளினி பாறை மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். முத்துக்குட்டி தலையைத் தூக்கினான்.

"மேடம், அது மழைல நனையும். அப்புறம் சார் என்னத்தான் கேப்பாரு."

இசக்கி எழுந்து போய் அந்தப் பெட்டியைக் காலால் எத்தினாள். அது விளிம்பைத் தாண்டிப் போயிற்று. விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இனிம கேக்க மாட்டாரு" என்றாள்.

*

கயிற்றில் கட்டி அவனை மேலே இழுத்தார்கள். வழியில் எடுத்து வந்த போர்வையைத் தொட்டில் போலக் கட்டி, தங்கப்பழம் அவனை முதுகில் சுமந்தார். மூச்சு முட்டினால் இசக்கி மாற்றிக்கொண்டாள். மிருணாளினி அவன் காலை அசையாமல் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். ஒருமுறை தானே முதுகைக் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் முட்டி மடங்கியது, ஆனாலும் அவனைக் கீழே விடவில்லை.

மழை சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் கல் மிதித்துக் கடந்த ஓடையில் இப்போது கல்லே இல்லை. காபி நிறத்தில், இடுப்புக்கு மேல், கிளைகளை உருட்டிக்கொண்டு போனது.

"அக்கா, என்ன இங்கன விட்டுட்டுப் போங்க" என்றான் முத்துக்குட்டி. பல் கிட்டித்தது. "ஆளக் கூட்டிட்டு வாங்க."

"வாய மூடிட்டு வாலே. பேசினா எடை கூடுது" என்றார் தங்கப்பழம்.

இசக்கி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவளை இரண்டு முறை புரட்டியது. மூன்றாவது முறை எதிர்க்கரை வேர் கையில் சிக்கியது. கயிற்றை மரத்தில் இறுக்கிக் கை காட்டினாள்.

தங்கப்பழம் அவனோடு இறங்கினார். நடு ஓடையில் அவர் கால் ஒரு குழிக்குள் போனது. இருவரும் கழுத்துவரை மூழ்கினார்கள். போர்வைக் கட்டு அவிழ்ந்தது. முத்துக்குட்டி பக்கவாட்டில் சரிந்து தண்ணீர் இழுக்கும் திசைக்குத் திரும்பினான். பின்னால் வந்த மிருணாளினி கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தாள். தோளிலிருந்த ஆரஞ்சுப் பையை உதறினாள். வெற்றுத் தோளோடு பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடித்தது கிழிந்தது. மறுபடி பிடித்தாள், இந்த முறை தலைமுடியை.

"விடாதீங்க" என்று கத்தினாள் இசக்கி. "விட்டீங்கன்னா உங்களயும் விட்டுட்டுப் போயிருவேன்."

"விடல, விடல."

தங்கப்பழம் எழுந்தார். மூன்று பேரும் ஒரே மூட்டையாகக் கரைக்கு வந்து விழுந்தார்கள். கையில் ஒன்றும் மிச்சமில்லை. கயிறு கூட இல்லை, அதை அவிழ்க்க யாருக்கும் விரல் வேலை செய்யவில்லை. அவன் மட்டும் இருந்தான். இருமினான்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச்சாவடிக்கு வந்தார்கள். ஆம்புலன்ஸும் ஆட்களும் நின்றார்கள். அபிநவும் நின்றான். உலர்ந்த மழைக்கோட்டில், கண் கலங்கிக்கூட இருந்தான்.

"தேங்க் காட். அவனுக்குக் காடு தெரியும், எப்படியும் வந்துடுவான்னு நான் சொல்லிட்டே இருந்தேன்."

இசக்கி பேசுவதற்குள் மிருணாளினி முந்திக்கொண்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அங்கே நின்ற காவல் உதவி ஆய்வாளரிடம் நீட்டினாள். "இதுல நாங்க போன வழி இருக்கு சார். இவன் சொன்னது பொய். நானும் வாய மூடிட்டு இருந்தேன், அதையும் எழுதிக்கோங்க." பிறகு அபிநவைப் பார்த்தாள். "நாம எடையக் குறைக்கவே இல்லடா. இவர் முதுகுல ஏத்தினோம். அவ்வளவுதான் நம்ம வித்தை."

அவன் என்னவோ சொன்னான். கேட்க யாரும் நிற்கவில்லை.

*

காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களுக்கு எல்லாம் இரண்டு கால் இருப்பதை இசக்கி கவனித்தாள். வழக்கு நடக்கும். இசக்கி அதை விடப்போவதில்லை. ஆனால் அது வேறு மலை.

மயக்கம் தெளிந்த முத்துக்குட்டி போர்வையின் தட்டையான பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"காலு மட்டும் எவ்வளவு எடை இருந்திருக்கும்? கொறஞ்சிருப்பேன்லா?"

"வாய எடுத்திருந்தா இன்னும் கொறஞ்சிருப்ப."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். அழுது முடித்த பிறகு, பசிக்கிறது என்றான்.

அவனை உட்கார வைக்க நர்ஸ் வரவில்லை. இசக்கி குனிந்து, இரண்டு கையையும் அவன் அக்குளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினாள். தலையணையில் சாய்ப்பதற்குள் இடுப்பு கடுத்தது, மூச்சு வாங்கியது. ஒரு காலை எடுத்த பிறகும் அவன் ஒன்றும் லேசாக இல்லை. முழு ஆளின் கனம் கையில் இறங்கியது.

அந்தக் கனத்தை அவள் கொஞ்ச நேரம் கீழே இறக்கவில்லை.